காதலன் மறைத்த உண்மை யாருக்குச் சொந்தம்?

காதல் நாவல் என்றதும் பெற்றோர் பலருக்கு முதலில் எழும் அச்சம் படுக்கையறைக் காட்சிகளைப் பற்றியதுதான். மகள் இரவு வெகுநேரம் விழித்திருந்து படிக்கும் அந்த ஆங்கில நாவலில் என்னென்ன எழுதியிருக்கிறதோ என்ற கவலை. இக்கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. இ. எல். ஜேம்ஸ் எழுதிய ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ 2011ஆம் ஆண்டு வெளிவந்து உலகெங்கும் விற்றுத் தீர்ந்தது. 2015இல் அது திரைப்படமானபோது மலேசியாவில் திரையிடத் தடை விதிக்கப்பட்டது. சிங்கப்பூரில் 21 வயது நிரம்பியவர்கள் மட்டுமே பார்க்கலாம் என்று வரையறுத்தார்கள்.

இத்தகைய நாவல்களைப் பற்றிய பேச்சு எல்லாம் “ஆபாசமா, இல்லையா?” என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே நின்றுவிடுகிறது. ஆனால் இவற்றைப் படிக்கும் ஓர் இளம்பெண்ணின் மனத்தில் நீண்ட நாள் தங்கக்கூடியது அந்தக் காட்சிகளா? அல்லது அக்காட்சிகளுக்குப் பின்னால் காதலன் காதலியிடமும், காதலி காதலனிடமும் சொல்லும் பொய்யா? ஒரு பொய்யை எவ்வளவு காலம் மறைக்கலாம், அது வெளிப்பட்டால் எப்படி அழ வேண்டும், எப்போது மன்னிக்க வேண்டும் என்பதையும் இந்த நாவல்கள் சேர்த்தே கற்றுத் தருகின்றன. பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் பெற்றோர் கண்ணில் படாத பாடம் அது.

பொய் இல்லையேல் கதை இல்லை

காதல் நாவலுக்கு எழுதப்படாத சட்டங்கள் சில உண்டு. கதையின் மையம் காதலாக இருக்க வேண்டும். முடிவு மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். இவ்விரண்டையும் வாசகர்கள் எதிர்பார்த்தே நூலை வாங்குகிறார்கள். கடைசிப் பக்கத்தில் இருவரும் சேருவார்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். அப்படியானால் நடுவில் உள்ள முந்நூறு பக்கங்களுக்கு வாசகரை எப்படிப் பிடித்து வைப்பது?

முற்காலக் கதைகளில் சாதி, செல்வம், பெற்றோரின் எதிர்ப்பு ஆகியவை குறுக்கே நின்றன. இன்றைய அமெரிக்க நாவலின் நாயகிக்கு வயது வந்துவிட்டது, வேலை இருக்கிறது, தனி வீடும் இருக்கிறது. யாரும் தடுப்பதற்கில்லை. எனவே தடை வெளியிலிருந்து வருவதில்லை. இருவருக்கும் நடுவிலேயே முளைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு மிகவும் வசதியானது மறைக்கப்பட்ட ஓர் உண்மை. முதல் பாதியில் அது நெருக்கத்தை வளர்க்கிறது. முக்கால் பங்கு கதை முடிந்த இடத்தில் வெடித்துப் பிரிவை உண்டாக்குகிறது. பிறகு கண்ணீர், மன்னிப்பு, மணக்கோலம்.

கதைக்காரருக்கு இது வசதி. ஆனால் எல்லாப் பொய்களும் ஒரே எடை கொண்டவை அல்ல. அண்மைக் காலத்தில் பெரிதும் வாசிக்கப்பட்ட மூன்று நாவல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

‘நவம்பர் 9’: ஐந்து ஆண்டுப் பொய்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த கோலீன் ஹூவர் ஒரு காலத்தில் சமூகப் பணியாளராக வேலை பார்த்தவர். 2012ஆம் ஆண்டு தம் முதல் நாவலைத் தாமே வெளியிட்டு எழுத்துலகிற்கு வந்தார். அவருடைய ‘நவம்பர் 9’ என்னும் நாவல் 2015இல் வெளிவந்தது. சில ஆண்டுகள் கழித்து டிக்டாக்கில் இளம் வாசகிகள் அவருடைய நூல்களைப் பற்றி அழுதுகொண்டே பேசிய காணொளிகள் பரவ, பழைய நாவல்களும் மீண்டும் விற்பனைப் பட்டியலில் ஏறின.

கதையின் நாயகி ஃபாலன். தொலைக்காட்சித் தொடரில் நடித்துப் புகழ் பெற்ற பெண். 16 வயதில், ஒரு நவம்பர் 9ஆம் தேதி இரவு, தந்தையின் வீட்டில் பற்றிய தீ அவளுடைய முகத்திலும் உடலின் இடப்பக்கத்திலும் ஆறாத தழும்புகளை விட்டுச் செல்கிறது. நடிப்பு வாழ்க்கை அத்தோடு நின்றுபோகிறது. தீப்பிடித்த வேளையில் மகள் வீட்டில் இருப்பதையே தந்தை மறந்துவிட்டார் என்பது அவள் மனத்தில் தங்கிவிட்ட குறை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே தேதியில், லாஸ் ஏஞ்சலிஸ் உணவகம் ஒன்றில் தந்தைக்கும் மகளுக்கும் வாக்குவாதம். நியூயார்க் சென்று மேடையில் நடிக்கப் போவதாக மகள் சொல்கிறாள். இந்த முகத்தை வைத்துக்கொண்டா என்ற தொனியில் தந்தை பேசுகிறார். அடுத்த இருக்கையில் இருந்த பென் என்ற இளைஞன் சட்டென்று எழுந்து வந்து அவள் அருகில் அமர்ந்து, தான்தான் அவளுடைய காதலன் என்று நடிக்கிறான். அவளுக்காகத் தந்தையிடம் வாதாடுகிறான். அங்கிருந்து காதல் தொடங்குகிறது. 23 வயது வரை காதலில் விழாதே என்பது ஃபாலனுக்குத் தாய் சொன்ன அறிவுரை. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பர் 9 அன்று மட்டும் சந்திப்பது, இடையில் எந்தத் தொடர்பும் கொள்வதில்லை என்று இருவரும் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். எழுத்தாளனாக விரும்பும் பென், தங்கள் கதையையே நாவலாக எழுதப் போவதாகச் சொல்கிறான்.

ஐந்தாண்டுக் கெடு முடிவதற்கு முன்பே அந்தக் கையெழுத்துப் பிரதி ஃபாலன் கண்ணில் படுகிறது. தீயை மூட்டியவன் பென்தான். தன் தாய் உயிரை மாய்த்துக்கொண்டதற்கு ஃபாலனின் தந்தையே காரணம் என்று எண்ணி, ஆத்திரத்தில் அவருடைய காருக்குத் தீ வைத்திருக்கிறான். வீட்டுக்குள் ஒரு பெண் உறங்கிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. ஆனால் உணவகத்தில் அவள் அருகில் வந்து அமர்ந்தபோது அவள் யார் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

அவள் சம்மதித்தது யாருக்கு?

நாவலின் மிக நெருக்கமான காட்சிகளை இந்த உண்மையோடு திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். ஃபாலன் தன் தழும்புகளை முடியாலும் நீண்ட கைச் சட்டையாலும் மறைத்து வாழ்பவள். யாருக்கும் காட்டாத அந்த உடலைப் பென்னுக்குக் காட்டுகிறாள். அவன் அதை அழகு என்கிறான். அவளுக்குத் தன்னம்பிக்கை பிறக்கிறது. முதல் வாசிப்பில் கண் கலங்க வைக்கும் இடம் இது. இரண்டாம் வாசிப்பில் உடல் கூசுகிறது. தழும்பைத் தொடும் விரல்தான் அந்தத் தழும்பை உண்டாக்கியது என்பது இருவரில் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

“அவன் உண்மையாகத்தானே நேசித்தான்? பிறகு என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. அவனுடைய அன்பு பொய் என்று யாரும் சொல்லவில்லை. கேள்வி வேறு. இந்த உண்மை தெரிந்திருந்தால் ஃபாலன் அவனோடு அந்த மேசையில் அமர்ந்திருப்பாளா? அடுத்த ஆண்டு வந்திருப்பாளா? தன் உடலை ஒப்படைத்திருப்பாளா? ஒருவேளை எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ‘ஆம்’ அவள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். அதைச் சொல்லும் உரிமையைப் பென் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டான்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். அத்தனை ஆண்டுகளும் ஃபாலன் தன் கோபம் முழுவதையும் தந்தையின் மீதே கொட்டினாள். தந்தை நல்லவர் என்று நாவல் சொல்லவில்லை. மறந்தது அவருடைய தவறுதான். ஆயினும் தீ மூட்டியவன் எதிரே அமர்ந்து அவளுக்காகத் தந்தையோடு வாதாடியபோது, மகளுக்கும் தந்தைக்கும் நடுவே இருந்த கணக்கும் பொய்க் கணக்காகிவிட்டது. காதலர் இருவருக்கிடையே உள்ள பொய் அவர்களோடு நிற்பதில்லை, குடும்பத்துக்குள்ளும் புகுந்துவிடுகிறது.

‘தி லவ் ஹைப்போதிசிஸ்’: நல்லதற்குச் சொன்ன பொய்

இரண்டாவது நாவலில் பொய் விளையாட்டாகத் தொடங்குகிறது. இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் நரம்பியல் ஆய்வாளராகப் பணியாற்றிய அலி ஹேசல்வுட் எழுதிய ‘தி லவ் ஹைப்போதிசிஸ்’ 2021இல் வெளிவந்தது. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஆலிவ் என்ற பெண், முன்பு தான் பழகிய ஓர் இளைஞனைத் தன் தோழி ஆன் விரும்புவதை அறிகிறாள். தோழி தன்னை எண்ணித் தயங்கக் கூடாது என்பதற்காகத் தனக்கு வேறொரு காதலன் கிடைத்துவிட்டதாகச் சொல்கிறாள். தோழி நேரில் வந்துவிட, பொய்யைக் காப்பாற்ற எதிரே வந்த ஆடவரை முத்தமிட்டுவிடுகிறாள். அவர் மாணவர்கள் நடுங்கும் பேராசிரியர் ஆடம் கார்ல்சன். அவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது: வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவார் என்ற ஐயத்தில் அவருடைய ஆய்வு நிதியைத் துறை நிறுத்தி வைத்திருக்கிறது. இங்கே ஒரு காதலி இருந்தால் அந்த ஐயம் தீரும். ஆகவே இருவரும் காதலர்போல் நடிக்க ஒப்புக்கொள்கிறார்கள்.

இந்தப் பொய்யில் ஆலிவும் ஆடமும் ஒருவரையொருவர் ஏமாற்றவில்லை. இருவருக்கும் உண்மை தெரியும். ஏமாறுவது சுற்றியிருப்பவர்கள். அதனால்தான் வாசகர் சிரித்துக்கொண்டே படிக்க முடிகிறது. ஆனால் நடிப்பு மெய்யான பிறகு நிலைமை மாறுகிறது. தன் காதலை ஆடம் அறிந்தால் விலகிவிடுவாரோ என்று பயந்து, தான் விரும்புவது வேறொருவரை என்று ஆலிவ் கூறுகிறாள். ஆடமோ, தாம் அவளை முன்பே சந்தித்ததையும் அன்றிலிருந்து மறக்காமல் இருப்பதையும் சொல்லாமல் அடக்கி வைக்கிறார். பிறகு ஒரு மாநாட்டில், ஆடமின் நண்பரான ஆய்வாளர் ஆலிவிடம் தவறாக நடந்துகொள்கிறார். அதையும் அவள் ஆடமிடம் மறைக்கிறாள். அவருடைய நட்பும் ஆய்வும் கெட்டுவிடக் கூடாது என்பது அவள் எண்ணம்.

பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும், அது குற்றமற்ற நன்மையைத் தருமானால், என்பது வள்ளுவர் வகுத்த அளவுகோல். இதைப் பாதியோடு நிறுத்திக்கொண்டு பொய்க்கு உரிமம் வாங்கியதாகக் கருதுவோர் பலர். ‘குற்றமற்ற’ என்ற நிபந்தனைதான் அதில் கடினமானது. ஆலிவின் முதல் பொய் தோழிக்கு நன்மை தந்தது. கடைசி மௌனம் யாருக்கு நன்மை தந்தது? தவறு செய்த மனிதருக்குத்தான். ஆடம் தம் அருகில் இருப்பவர் யார் என்று தெரியாமலே இருந்தார். அன்பினால் மறைத்தாலும், மற்றவர் அறிய வேண்டியதை மறைக்கும்போது அவரைச் சிறு குழந்தையாக்கிவிடுகிறோம் என்பதை இந்த இடம் உணர்த்துகிறது.

‘தி கிஸ் கோஷன்ட்’: சொல்லாமல் விட்டது

மூன்றாவது நாவலில் பொய் என்று எதையும் சுட்டிக் காட்ட இயலாது. ஹெலன் ஹோவாங் எழுதிய ‘தி கிஸ் கோஷன்ட்’ 2018இல் வெளிவந்தது. ஸ்டெல்லா முப்பது வயதுப் பெண். எண்களோடு வேலை செய்வதில் கெட்டிக்காரி. ஆட்டிசம் எனப்படும் நரம்பியல் வளர்ச்சி வேறுபாடு உள்ளவள். யாரேனும் தொட்டால் அவளுக்குக் கூச்சமும் அச்சமும் ஏற்படுகின்றன. உறவில் தான் தோற்றுவிட்டதாக எண்ணி, பணத்துக்குத் துணையாக வரும் மைக்கேல் என்ற இளைஞனிடம் பயிற்சி கேட்கிறாள். தனக்கு ஆட்டிசம் இருப்பதை மட்டும் சொல்லவில்லை. நூலாசிரியர் ஹோவாங்கும் வளர்ந்த பிறகே தமக்கு ஆட்டிசம் இருப்பதை அறிந்தவர்.

மைக்கேலும் மறைக்கிறான். தாயின் மருத்துவச் செலவுக்காகவே இந்தத் தொழிலில் இருப்பதைச் சொல்ல அவனுக்கு வெட்கம். இருவரும் படுக்கையில் நெருங்குகிறார்கள். தங்கள் வாழ்வின் மிக எளிய உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

பென் மறைத்ததும் ஸ்டெல்லா மறைத்ததும் ஒன்றா? இங்கேதான் வேறுபாட்டைக் காண வேண்டும். ஸ்டெல்லாவின் உடல்நிலை ஸ்டெல்லாவுக்குச் சொந்தமான உண்மை. அதை யாரிடம், எப்போது சொல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவளுக்கு உண்டு. சொல்லாமல் இருந்ததால் பெரிய நட்டம் அடைந்தவளும் அவளே. தன் இயல்பை மறைக்கவும் மாற்றவும் வீணாக முயன்று களைத்துப் போகிறாள். ஆனால் ஃபாலனைச் சுட்ட தீயை மூட்டியது யார் என்ற உண்மை பென்னுக்குச் சொந்தமானது அல்ல. அது ஃபாலனுக்குச் சொந்தம். அதைப் பென் ஐந்தாண்டுக் காலம் தன் சட்டைப் பைக்குள் வைத்திருந்தான்.

காதலில் ஒளிவு மறைவே கூடாது என்பது கேட்க இனிமையான பேச்சு. நடைமுறையில் எல்லா மனிதருக்கும் தனக்கென ஓர் அறை வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி, “நீ எதையாவது மறைக்கிறாயா?” என்பதன்று. “நீ மறைப்பது உன்னுடையதா, என்னுடையதா?” என்பதுதான்.

சட்டம் எந்த அளவுக்கு வரும்?

இது நாவலோடு முடிகிற பேச்சு அல்ல. மலேசியாவின் தண்டனைச் சட்டத்திலும் சிங்கப்பூரின் தண்டனைச் சட்டத்திலும் 90ஆம் பிரிவு சம்மதத்தைப் பற்றிப் பேசுகிறது. அச்சத்தினாலோ, உண்மை நிலையைத் தவறாகப் புரிந்துகொண்டதாலோ ஒருவர் தந்த சம்மதம், எதிராளி அதை அறிந்திருந்தால், சம்மதம் ஆகாது என்பது அதன் சாரம். சிங்கப்பூர் இன்னும் ஒரு படி சென்று, 2019இல் நிறைவேற்றிய சட்டத் திருத்தத்தில் புதிய குற்றம் ஒன்றைச் சேர்த்தது. பாதுகாப்புச் சாதனம் பயன்படுத்துவது குறித்தோ, பாலுறவால் பரவும் நோய் தனக்கு இருப்பது குறித்தோ ஏமாற்றி ஒருவரை உறவுக்கு இணங்க வைப்பது 2020ஆம் ஆண்டு முதல் அங்கே தண்டனைக்குரியது.

காதலில் சொல்லப்படும் ஒவ்வொரு பொய்யும் குற்றம் என்று இதற்குப் பொருள் அல்ல. வயதைக் குறைத்துச் சொன்னவரையும், சம்பளத்தைக் கூட்டிச் சொன்னவரையும் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. சட்டத்தின் கை எட்டும் தூரம் குறைவு. ஆனால் சட்டம் எந்தக் கருத்தின் மீது நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்: தெரியாமல் சொன்ன ‘ஆம்’ முழுமையான ‘ஆம்’ அன்று. ஃபாலனின் கதையில் உறுத்துவதும் அதுவே.

நாவல் தரும் இரண்டு சலுகைகள்

இவ்வளவு பெரிய பொய்யைச் சொன்ன பென்னை வாசகர்கள் எப்படி மன்னிக்கிறார்கள்? ஃபாலனும் கடைசியில் மன்னிக்கிறாளே? அவன் எழுதிய முழுக் கதையையும் படித்த பிறகு, அவனுடைய துயரத்தைப் புரிந்துகொண்டு, அவள் மனம் இளகுகிறாள். இங்கே நாவல் இரண்டு சலுகைகளைத் தருகிறது. வாழ்க்கை அவற்றைத் தருவதில்லை.

முதலாவது, எதிராளியின் மனத்தைப் படிக்கும் சலுகை. ‘நவம்பர் 9’ கதையை ஃபாலனும் பென்னும் மாறி மாறிச் சொல்கிறார்கள். பென்னின் ஏக்கமும் குற்ற உணர்வும் வாசகருக்குத் தெரிகின்றன. ஆனால் அதே அத்தியாயங்களில் தீயைப் பற்றிய உண்மையை அவன் வாசகரிடமும் மறைத்தே வைத்திருந்தான் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவன் மனத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்த வாசகரும் ஏமாந்தார். மனத்தைத் திறந்து காட்டுவதாகச் சொல்பவரும் எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுத்தே காட்டுகிறார். அதை இதைவிடத் தெளிவாக உணர்த்த முடியாது.

இரண்டாவது, மன்னிப்பு உறுதி என்ற சலுகை. காதல் நாவல் மகிழ்ச்சியாக முடிந்தே ஆக வேண்டும். ஆகவே ஆசிரியர் பொய் சொன்னவனுக்குத் துயரமான இளமையையும், தாயின் மரணத்தையும், மன்னிக்கத்தக்க காரணத்தையும் முன்கூட்டியே தயாரித்து வைக்கிறார். வாழ்க்கையில் பொய் சொல்பவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு காரணம் இருப்பதில்லை. இருந்தாலும் அதைக் கேட்டு மன்னித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. நாவலை மூடிய பிறகு, “இவ்வளவு நேசிக்கிறவன் மறைத்தால் அதற்குக் காரணம் இருக்கும்” என்ற எண்ணம் மட்டும் மனத்தில் ஒட்டிக்கொள்ளுமானால், அது படுக்கையறைக் காட்சியைவிட ஆபத்தானது.

பிடிபட்டதும் ஒப்புக்கொண்டதும்

பொய் வெளிப்படும் விதத்திலும் பாடம் இருக்கிறது. பென் தானாகச் சொல்லவில்லை. ஃபாலன் தாளைப் புரட்டித் தெரிந்துகொண்டாள். என்றாவது ஒரு நாள் சொல்லத்தான் எழுதி வைத்திருந்தான் என்று வாதிடலாம். ஆனால் அந்த ‘என்றாவது’ எந்த நாள் என்பதையும் அவனே முடிவு செய்துகொண்டான். ஆலிவ் அப்படி அல்லள். தாமதமானாலும், தயங்கினாலும், ஆடமின் நண்பர் செய்ததைத் தன் வாயாலேயே எடுத்துரைக்கிறாள். தானாக ஒப்புக்கொள்பவர் மற்றவரிடம் முடிவைத் திருப்பித் தருகிறார். பிடிபட்ட பின் அழுபவர் மன்னிப்பை மட்டுமே கேட்கிறார். இரண்டுக்கும் உள்ள தூரம் அதிகம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

நூலைப் பறித்து அலமாரியில் பூட்டுவது எளிது. கைத்தொலைபேசியில் அதே நூல் இரவோடு இரவாக வந்துவிடும். வயதுக்கு ஏற்காத நூல் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லலாம். வளர்ந்த மகளோ மகனோ படித்து முடித்திருந்தால், காட்சிகளைப் பற்றி விசாரணை நடத்துவதைவிடக் கதையைப் பற்றிக் கேட்பது பயன் தரும். “அவன் எதை மறைத்தான்? அது யாருக்குச் சொந்தமான உண்மை? தெரிந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? அவனாகச் சொன்னானா, பிடிபட்டானா?” இந்த நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை, நாளை தன் வாழ்வில் ஒருவர் வந்து நிற்கும்போதும் இவற்றைக் கேட்கத் தெரிந்திருக்கும்.

கேள்வி கேட்கும் பெற்றோருக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. திருமணப் பேச்சின்போது மாப்பிள்ளையின் முந்தைய மணமுறிவையோ கடனையோ, பெண்ணின் படிப்பையோ வேலையையோ மறைத்து, “கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லும் வழக்கம் நம் குடும்பங்களிலும் இல்லாமல் இல்லை. அங்கேயும் மறைக்கப்படுவது, மணக்கப் போகும் இன்னொருவர் தெரிந்து முடிவெடுக்க வேண்டிய உண்மை. அதை மறைக்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு, நாவலில் வரும் பென் பெரிய குற்றவாளியாகத் தோன்ற மாட்டான்.